சியாமென்னிலிருந்து: நிலாத் திருவிழாவும் ஆறு பகடைகளும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தருவதை நீங்கள் விடவில்லை என்பதைப் படித்து மகிழ்ந்தேன். நான் இங்கே, சீனாவின் தென்கிழக்குக் கடற்கரைத் துறைமுக நகரான சியாமென்னில், நம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கப்பலேறி வரும் கிரானைட் கற்களின் கணக்கோடு நாள்களைக் கழித்துவருகிறேன். சீனர்கள் எட்டாம் மாதப் பௌர்ணமியில் கொண்டாடும் நிலாத் திருவிழாவில், இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது பார்க்கப் போகிறவனுக்கான திருவிழா அன்று. தேரோட்டமோ ஊர்வலமோ கிடையாது; வணிக வளாகங்களில் தொங்கும் விளக்குகளும் கடற்கரையில் நிலவைப் படமெடுக்கும் கூட்டமும்தான் கண்ணில் படும். 2008 முதல் இது அரசு விடுமுறை என்பதால், அன்று மாலை அவரவர் பெற்றோர் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு உண்கிறார்கள். கதவுக்கு வெளியே இருப்பவனுக்கு நிறுவனம் கொடுத்த ஒரு பெட்டி நிலாப் பணியாரமே (மூன்கேக்) மிச்சம். வேறு சீன நகரங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். 2025இல் பௌர்ணமி அக்டோபர் 6ஆம் நாள் வந்து, தேசிய நாள் விடுமுறையோடு சேர்ந்து எட்டு நாள் ஓய்வாகிவிட்டது. எனக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேர் கிராமங்களுக்குப் போய்விட, தெருவெல்லாம் சுற்றுலாப் பயணிகளாகவே இருந்தார்கள்.

ஆனால் சியாமென் வட்டாரத்தில் மட்டும் இந்தப் பூட்டிய கதவுக்கு ஒரு திட்டிவாசல் உண்டு. அதன் பெயர் போபிங். பகடை உருட்டிப் பணியாரம் வெல்லும் ஆட்டம். வட்ட மேசையின் நடுவில் பெரிய பீங்கான் கிண்ணத்தை வைத்து, ஆளுக்கொரு முறையாக ஆறு பகடைகளை அதில் எறிகிறார்கள். சீனப் பகடையில் ஒன்றுக்கும் நான்குக்கும் மட்டும் சிவப்புப் புள்ளிகள். இந்த ஆட்டத்தில் சிவப்பு நான்குக்கே மதிப்பு அதிகம். நம் தாயத்தைப் போலக் காய் நகர்த்தும் வேலை இதில் இல்லை. விழுந்த எண்ணே தீர்ப்பு. பரிசுகளின் பெயர்களைக் கேட்டால் ஆசிரியரான உங்களுக்குச் சிரிப்பு வரும்: அத்தனையும் பேரரசுக் காலத்தில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த பழைய அரசுத் தேர்வின் பட்டங்கள். ஒரே ஒரு நான்கு விழுந்தால் சியூசாய் என்னும் கடைநிலை. அதற்கு 32 பரிசுகள். இரண்டு நான்குகளுக்கு மாகாணத் தேர்வில் தேறியவருக்குரிய பட்டம், 16 பரிசுகள். நான்கைத் தவிர்த்த வேறோர் எண் நான்கு பகடைகளில் ஒத்து விழுந்தால் 8 பரிசுகளில் ஒன்று, மூன்று நான்குகள் விழுந்தால் 4 பரிசுகளில் ஒன்று, ஒன்று முதல் ஆறு வரை வரிசை அமைந்தால் 2 பரிசுகளில் ஒன்று. நான்கு நான்குகள் விழுந்தவர் சுவாங்யுவான், அதாவது பேரரசரின் அவையில் நடந்த தேர்வில் நாட்டுக்கே முதல்வர். மொத்தம் 63 பணியாரங்கள். மேலே போகப் போகப் பாதியாகக் குறைகின்றன. முதலிடமும் நிலையானதன்று; பின்னால் எறிபவருக்கு அதைவிட உயர்ந்த சேர்க்கை விழுந்தால் பட்டம் கைமாறிவிடும். நான்கு நான்குகளோடு இரண்டு ஒன்றுகள் சேர்ந்து விழுவதை யாராலும் வெல்ல முடியாது. பகடை கிண்ணத்துக்கு வெளியே துள்ளினால் அந்த முறை வீண்.

இப்போது பணியாரத்துக்குப் பதில் பற்பசை, துண்டு, சமையல் எண்ணெய், அரிசி மூட்டை என்று வீட்டுச் சாமான்களையே பெரும்பாலும் பரிசாக வைக்கிறார்கள். எங்கள் அலுவலக விருந்தில் முதல் பரிசு மின்சாரக் குக்கர். அதைக் கைப்பற்ற எங்கள் மேலாளரும் கிடங்குக் காவலரும் கூச்சலிட்டுப் போட்டியிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெளிநாட்டவனுக்கு இந்த ஆட்டத்தின் அருமை என்னவென்றால், மொழி தெரிய வேண்டியதில்லை, குலம் கோத்திரம் கேட்பதில்லை, கிண்ணம் முன்னால் வந்துவிட்டால் எறிந்துதான் ஆக வேண்டும். விருந்தாளி என்று என்னை ஓரமாக உட்காரவைத்து உபசரிக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. கோயில், மாளிகை என்று ஊரைச் சுற்றிக்காட்டும் உபசரிப்பைவிட எனக்கு இது பெரிய மரியாதையாகவே படுகிறது.

பதினேழாம் நூற்றாண்டில், பின்னர் 1662இல் டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து வெளியேற்றிய சீனப் படைத்தலைவர் கொக்சிங்கா, சியாமென்னில் படையோடு தங்கியிருந்தபோது, வீட்டை நினைத்து ஏங்கிய வீரர்களுக்காக அவருடைய தளபதி ஒருவர் இந்தப் பகடை ஆட்டத்தை உருவாக்கினார் என்பது ஊர்க் கதை. அதற்கு ஆவணச் சான்று தேடும் ஆவல் எனக்கில்லை. தேர்வுமுறையே 1905இல் ஒழிக்கப்பட்டுவிட்ட பிறகும் அதன் பட்டங்கள் ஒரு சூதாட்டக் கிண்ணத்தில் உயிரோடு இருக்கின்றன. உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல இது போதாதா?

இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பழைய துறைமுக நகரான சுவான்சோவில்தான் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்வது. அந்த வணிகர்களும் இங்கே குடியிருந்த வெளிநாட்டவர்களே. எட்டாம் மாதப் பௌர்ணமி இரவில் அவர்களை எந்த வீட்டிலாவது சாப்பிட அழைத்தார்களா என்று கல்வெட்டு சொல்லவில்லை.

பௌர்ணமி இரவைப் பொறுத்தவரை எனக்குப் புகார் இல்லை. அன்று காலை எங்கள் சந்தின் முனையிலுள்ள பூமிக்காவலர் சன்னதியில் ஊதுபத்தியும் பழங்களும் வைத்து வணங்கினார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் வழக்கம் இது. எதிர்வீட்டு அம்மையார் பாதிப் பம்ளிமாசும் வேகவைத்த சேப்பங்கிழங்கும் கொடுத்துவிட்டு, மகன் குடும்பம் வந்துவிட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டார். அது அவர்களுடைய இரவு. தீபாவளி அதிகாலையில் நம் வீட்டுக் கூடத்தில் அயலாரைத் தேடி யார் உட்காரவைக்கிறோம்?

ஆகவே நீங்கள் வருவதானால் பௌர்ணமிக்கு என்று வராதீர்கள். 2026இல் அது செப்டம்பர் 25ஆம் நாள் வருகிறது. போபிங் விருந்துகள் அதற்குப் பல நாள் முன்பே அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் தொடங்கிவிடும். செப்டம்பர் நடுவில் வந்தால் குறைந்தது ஒரு மேசையிலாவது உங்களுக்கு இடம் பிடித்துவிடலாம். 2025 அக்டோபர் இறுதியில் கொல்கத்தாவுக்கும் தென்சீன நகரான குவாங்சோவுக்கும் இடையே நேரடி விமானம் மீண்டும் தொடங்கிவிட்டதால் பயணமும் முன்பு போல் சுற்றுவழி அன்று. நிலாப் பணியாரங்களில் பன்றிக் கொழுப்பும் உப்பிட்ட வாத்து முட்டைக் கருவும் இருக்கக்கூடும் என்று தயங்க வேண்டாம். நான்புதுவோ புத்தர் கோயிலில் விற்கும் சைவப் பணியாரங்கள் ஊரறிந்தவை. தேதி முடிவானதும் எழுதுங்கள். எங்கள் மேலாளரிடம் உங்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்