அடிவரியை முதலில் படி

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆய்வேட்டுக்காக லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியக நூலகத்தில் அடுத்த மாதம் உட்காரப் போவதாக எழுதியிருந்தாய். போர்க்காலத் துண்டறிக்கைகள், சிப்பாய்ப் பத்திரிகைகள், அரசு வெளியிட்ட சிறு பிரசுரங்கள் என்று நீ போட்டிருக்கும் பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் "படித்துக் குறிப்பெடுக்கப் போகிறேன்" என்கிறாயே, அங்கேதான் எனக்குக் கவலை. இந்த மாதிரித் தாளை முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் படிக்க வேண்டும். படிக்கிற அவசரத்தில் பாதிச் சேதி கை நழுவிப் போய்விடும்.

அரிய நூல் என்றால் தோல் கட்டும் பொன்னெழுத்தும் கண்முன் வரும். இருபதாம் நூற்றாண்டின் அரிய அச்சு வேறு ஜாதி. லட்சக்கணக்கில் அடித்தது, எல்லோர் வீட்டிலும் கிடந்தது, ஒருவரும் எடுத்து வைக்காதது. பிரிட்டனின் ரேஷன் புத்தகத்தையே எடுத்துக்கொள். நம் ஊர் ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்று. பெரியவர்களுக்கு வெளிர் பழுப்பு, 5 முதல் 16 வயது வரை நீலம், கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் பச்சை. 1940 ஜனவரி 8-ல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 ஜூலை 4-ல்தான் முழுதாக முடிந்தது. போர் முடிந்தும் ஒன்பது ஆண்டு! முடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் அந்தப் புத்தகம் போன இடம் குப்பைக்கூடை.

உன் நூலகத்தின் பலம் இதில்தான். அருங்காட்சியகம் வேண்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சரவை முடிவெடுத்தது 1917 மார்ச்சில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே. பெண்களின் போர்க்காலப் பணிக்கென்று அப்போதே தனி உபகுழு அமைத்தார்கள். காகிதம் குப்பைக்குப் போகும் முன்னரே கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். 1920-ல் கிரிஸ்டல் பேலஸில் திறந்து, 1936-ல் லாம்பெத் சாலையில் பழைய பெத்லெம் மனநல மருத்துவமனைக் கட்டடத்துக்குக் குடிவந்தது. வாசலில் இரண்டு 15 அங்குலக் கப்பல் பீரங்கிகள் நிற்கும், வழி தவற முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தத் தாள் கையில் வந்தாலும் கடைசிப் பக்கத்தின் அடியைப் பார். நம் தமிழ்ப் புத்தகங்களில் அச்சகப் பெயர் இருக்கும் இடம். பிரிட்டிஷ் அரசு அச்சில் அங்கே பொடி எழுத்தில் எண்களும் சுருக்கங்களும் ஒரு வரியாக ஓடும். டபிள்யூ, டி என்ற இரண்டெழுத்தை அடுத்து வருவது வாரண்ட் எண், அதாவது அச்சடிக்கக் கொடுத்த உத்தரவின் எண். பிறகு எத்தனை பிரதி, எந்த மாதம், எந்த ஆண்டு, எந்த அச்சகம். பிரதிக் கணக்கில் எம் என்ற எழுத்து வரும். அதை மில்லியன் என்று படித்துவிடாதே. ரோமன் கணக்கில் எம் என்றால் ஆயிரம். 50 எம் என்றால் ஐம்பதாயிரம், ஐந்து கோடி அல்ல. இந்த ஒரு எழுத்து ஒரு அத்தியாயத்தின் வாதத்தையே கவிழ்த்துவிடும். 8/40 என்றிருந்தால் 1940 ஆகஸ்டில் அச்சானது. உள்ளே இருக்கும் தேதி எழுதிய தேதியாக இருக்கலாம், இது அடித்த தேதி. இரண்டுக்கும் இடையே மாதங்கள் கிடந்தால் ஏன் தாமதம் என்பதே ஒரு கேள்வி.

அடிவரியே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள். அந்தக் காலத்து இந்தியாவில் 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சுத்தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டியிருந்தது. பெயரை விட்டுவிட்டு ஒரு நோட்டீஸ் வந்தால் மறதியால் விட்டது என்று நினைக்க முடியுமா? தடை செய்யப்பட்ட இந்தியப் பிரசுரங்கள், தமிழ்ப் பாட்டுப் புத்தகங்கள் உள்பட, பிரிட்டிஷ் நூலகத்தில் தனித்தொகுப்பாகவே இருக்கின்றன. லாம்பெத்திலிருந்து ரொம்பத் தொலைவில்லை. அங்கே ஒரு நாள் ஒதுக்கு.

எத்தனை அடித்தார்கள் என்பதோடு எத்தனை வெளியே போயின என்றும் கேட்டுப் பழகு. 'பதறாதே, வேலையைத் தொடர்' என்று சொல்லும் அந்தச் சிவப்புச் சுவரொட்டி இன்று கோப்பைகளில், பனியன்களில் எல்லாம் இருக்கிறது. 1939-ல் சுமார் 24.5 லட்சம் பிரதி அடித்து, படையெடுப்பு நேர்ந்தால் ஒட்டலாம் என்று கிடங்கில் வைத்தார்கள். ஒட்டப்படவே இல்லை என்று சொல்லிவிடலாம். பெரும்பகுதி மறுபடி காகிதக் கூழானது. வடக்கு இங்கிலாந்தில் ஆல்னிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரருக்கு 2000-ல் ஒரு பிரதி பெட்டியடியில் கிடைத்த பிறகுதான் இந்தப் புகழெல்லாம். அதே வரிசையில் மெய்யாகவே சுவரேறிய சுவரொட்டிகளை இன்று யாருக்கும் நினைவில்லை. பார்வைக்கு அழகாகத் தப்பிப் பிழைத்த பிரதி, பயன்படாமல் கிடந்ததால்தான் பிழைத்ததோ என்று எப்போதும் சந்தேகப்படு.

விமானத்திலிருந்து எதிரி நாட்டில் வீசிய துண்டறிக்கைகளில் இந்தச் சந்தேகம் நேரடியாக வேலை செய்யும். மடிப்பே இல்லாமல், மூலை கூர்மையாக இருக்கும் பிரதி பெரும்பாலும் அச்சகத்திலிருந்து கோப்புக்குப் போன பிரதி. வயலில் விழுந்து யாரோ எடுத்தது நாலாக, எட்டாக மடிந்திருக்கும். நாஜி ஜெர்மனியில் எதிரியின் துண்டறிக்கையை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம், மறைத்து வைக்கத் தோதாக மடித்தார்கள். மடிப்புக் கோடுகளை எண்ணி எழுதிக்கொள். தாளின் மூலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருக்கும்: பிரிட்டிஷ் அறிக்கைகளில் ஜி என்றால் ஜெர்மனிக்கு, எஃப் என்றால் பிரான்ஸுக்கு. நேசநாட்டுக் கூட்டுத் தலைமையகம் ஜெர்மன் சிப்பாய்களுக்குப் போட்ட சரணடைவுச் சீட்டில் இசட்-ஜி 61 என்ற குறி வரும். அரசு முத்திரை, பின்னல் கோலம், நேசநாட்டுத் தலைமைத் தளபதி ஐசனோவரின் கையெழுத்து என்று பத்திரம் போலவே அச்சிட்டிருப்பார்கள். பத்திரத்தை மதித்துப் பழகியவனிடம் பத்திரமாகவே பேசினார்கள்.

விழுந்த இடத்தை நம்பாதே. முதலில் கட்டுக்கட்டாக விமானத்திலிருந்து தள்ளினார்கள், காற்று எங்கேயோ கொண்டு போயிற்று. 1944-ல்தான் மன்ரோ குண்டு வந்தது. 80,000 தாள் வரை அடைத்த உருளை, தரைக்கு அருகே வந்து வெடிக்கும், தாள்கள் ஒரே இடத்தில் இறங்கும். அதற்கு முந்தைய அறிக்கை எந்த ஊரில் கிடைத்தது என்பதை வைத்து அந்த ஊருக்காகவே எழுதியது என்று வாதாடினால் தேர்வாளர் விடமாட்டார்.

சிப்பாய்ப் பத்திரிகைகளில் வேறொரு வலை. பெல்ஜியத்தின் ஈப்ரு நகரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைப்பர்ஸ் என்றே உச்சரித்தார்கள். இடிந்த கட்டடத்தில் கிடைத்த ஓர் அச்சு எந்திரத்தில் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் 12-ஆம் பட்டாளத்தார் 1916 பிப்ரவரி 12-ல் 'வைப்பர்ஸ் டைம்ஸ்' முதல் இதழைப் போட்டார்கள். அதில் 100 பிரதிதான். அச்செழுத்து போதாது, ஆங்கில ஒய், ஈ எழுத்துகள் குறைச்சல். அதனால் ஒரு பக்கத்தைக் கோத்து அடித்து, எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டு, அடுத்த பக்கத்தைக் கோத்தார்கள். பட்டாளம் நகர நகரப் பத்திரிகையின் பெயரும் மாறியது: நியூ சர்ச் டைம்ஸ், கெம்மல் டைம்ஸ், சோம் டைம்ஸ், பி.ஈ.எஃப். டைம்ஸ், போர் முடிந்ததும் பெட்டர் டைம்ஸ். ஒரு பெயரில் தேடிவிட்டு "சில இதழ்கள்தான் இருக்கின்றன" என்று எழுதிவிடாதே.

போர் முடிவதற்குள்ளேயே அதன் நகல் பதிப்பு வந்துவிட்டது, பிறகும் வந்தது. அசலா நகலா என்று பார்க்க மேஜை விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக வைக்கச் சொல். எழுத்துக் கோத்து அடித்ததில் ஒவ்வோர் எழுத்தும் தாளில் பள்ளம் பதித்திருக்கும், பின்பக்கம் மேடாகத் தெரியும். படமெடுத்து மறுஅச்சு செய்ததில் தாள் பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தோரம் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தால் நகல். இன்னொன்று: முன்பக்கம் தேநீர்க் கறை தெரிகிறது, பின்பக்கம் ஊறவே இல்லை என்றால் அந்தக் கறையும் அச்சடித்ததுதான். சைக்ளோஸ்டைல் தாளில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே மையின் படிவையும் ஸ்டென்சில் கிழிந்த இடத்தில் கசிந்த கறுப்பையும் பார்.

காகிதமும் தேதி சொல்லும். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புக, மரக்கூழ் வரத்து அறுந்தது. ஜூனில் பிரான்ஸ் விழ, வட ஆப்பிரிக்க எஸ்பார்ட்டோ புல்லும் நின்றது. பிரிட்டிஷ் ஆலைகள் வைக்கோலுக்குப் போயின. பழுப்புத் துகள் தெரியும், விரல் பட்டால் மொறுமொறுக்கும். பதிப்பகங்களுக்கு 1940-ல் போருக்கு முந்தைய அளவில் 60 சதவீதக் காகிதம், 1942 தொடக்கத்தில் 37.5 சதவீதம். புத்தகத்தின் மேல் சிங்கம் உட்கார்ந்த சின்னத்தைப் பார்த்தால், 1942-ல் வந்த சிக்கன ஒப்பந்தத்துக்குப் பிந்தியது. சின்னம் இல்லாததால் முந்தியது என்று சொல்ல முடியாது, போடாதவர்களும் உண்டு.

கிழக்காசியப் பெட்டியைக் கேட்டால் தேதியில் தடுமாறாதே. ஜப்பான் பிடித்திருந்த சிங்கப்பூருக்கு அப்போது சியோனான் என்று பெயர். அங்கே 2602 என்று போட்டிருக்கும். ஜப்பானிய அரச ஆண்டுக்கணக்கு, 660-ஐக் கழித்தால் 1942. பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில் ஷோவா 17 என்றாலும் அதே ஆண்டுதான். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது 1943 அக்டோபர் 21, ஆகவே அதன் பெயர் தாங்கிய தமிழ்த் தாள் கிடைத்து, அதில் 2602 என்றிருந்தால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

கேட்லாக்கில் தேடும்போது காலத்தின் வார்த்தையைப் போடு. 1939-க்கு முன் அச்சானவற்றில் 'முதல் உலகப் போர்' என்ற பெயரை எதிர்பார்க்காதே, 'மாபெரும் போர்' என்றும் 'ஐரோப்பியப் போர்' என்றும்தான் இருக்கும். துண்டுத்தாள்களைத் தனித்தனியாகப் பதியாமல் பெட்டியாகவே பதிந்திருப்பார்கள், கிடைக்கவில்லை என்றால் நூலகரிடம் பெட்டியாகக் கேள். முன்பதிவு இல்லாமல் போகாதே. பல பொருள்கள் கேம்பிரிட்ஜ் பக்கம் டக்ஸ்ஃபோர்டில் 2019-ல் கட்டிய காகிதக் கிடங்கில் இருக்கின்றன, கேட்டவுடன் வராது.

மேஜையில் பேனா கூடாது, 2பி பென்சில் இரண்டு கொண்டு போ. பெட்டியைத் திறந்ததும் தாள்கள் இருக்கும் வரிசையைப் படமெடு, எடுத்த இடத்திலேயே திருப்பி வை. ஒவ்வொரு படத்திலும் பெட்டி எண் எழுதிய துண்டுச்சீட்டும் அளவுகோலும் தெரியட்டும், முன்பின் இரண்டு பக்கமும் எடு, ஃபிளாஷ் வேண்டாம். பின்பக்கத்து நூலக முத்திரையில் தேதி இருந்தால் அது தாள் உள்ளே வந்த நாள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்காதே, அதைச் சுற்றிய காகிதம் ஏற்கெனவே செத்திருக்கும், பின்னோடு வந்துவிடும். நொறுங்கும் பக்கத்தை மேல் வெளிமூலையில் உள்ளங்கை தாங்கித் திருப்பு. உடைந்தால் செல்லோடேப்பைத் தேடாமல் ஊழியரைக் கூப்பிடு. திட்டமாட்டார்கள், அவர்களுக்குத் தினப்படி வேலை அது.

வெள்ளைக் கையுறை வேண்டுமா என்று கேட்டிருந்தாய். காகிதத்துக்கு வேண்டாம். பருத்தித் துணி விரலின் உணர்வை மழுக்கி ஓரத்தைக் கிழிக்கும், புகைப்படத்துக்கு மட்டும் போட்டால் போதும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கைதான் நல்ல கை. அந்த ஊர்க் குளிருக்குக் கை வெடிக்கும், கிரீம் தடவாமல் உன்னால் இருக்க முடியாது. படுக்கும் முன் தடவிக்கொள். போகிற காலையில் மட்டும் வேண்டாம், எண்ணெய்க் கறை காகிதத்தை விட்டுப் போகாது.

அன்புடன்,
அம்மா