ஜனவரிக்குள் புத்தகம் வந்தே ஆக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் தங்கள் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஓடியவன்தான்.

எங்கள் வீட்டுக் கைத்தறியைப் பற்றி ஆறு வருடம் எழுதினேன். அதில் ஐந்து வருடம் முதல் அத்தியாயத்தைத் திருத்தியதிலேயே போனது. கடைசிவரை எழுதி முடித்த பிறகுதான் முதல் பக்கத்தைத் தொடுவது என்று முடிவு செய்து, தினம் ஒரு பக்கம் எழுதினேன், மிச்சம் ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது. சரி, முடிந்ததே, ஆறு மாதம் போட்டுவைத்து மறுபடி படித்திருக்க வேண்டும். டிசம்பரில் பணம் கட்டி ஒரு பதிப்பகத்திடம் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கத் தரும் பிரதியான மெய்ப்பு வாட்ஸ்அப்பில் வந்தது, இரண்டே நாளில் போனிலேயே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். அச்சாகி வந்தால், தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்கு நாங்கள் சொல்லும் 'பாவு' என்ற சொல்லை யாரோ பிழை என்று நினைத்து, புத்தகம் முழுக்க 'பாவம்' என்று மாற்றியிருந்தார்கள். 500 பிரதிகள்.

தயவுசெய்து மெய்ப்பைத் தாளில் அச்செடுத்துப் படியுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் சிதையும், அது போன் திரையில் கண்ணுக்குப் படாது. உங்கள் ஊர்ச் சொற்களையும் தொழில் சொற்களையும் தனியாக ஒரு தாளில் எழுதி, இவற்றைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள். முதலில் 50 பிரதி போதும், இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இருக்கிறது.

அப்புறம் ஒப்பந்தம். எனக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சுதான். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆவது பிரிவைப் பிறகுதான் படித்தேன். எழுத்தில், கையெழுத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதபோது, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்குச் சேரும் பங்கு, எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பதிப்பாளர் முன்னால் உட்காருங்கள், நல்ல பதிப்பாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இந்த ஜனவரி போனால் அடுத்த ஜனவரி வரும். என்னிடம் மிச்சமிருக்கும் பிரதிகளில் 'பாவம்' வருகிற இடத்தையெல்லாம் பேனாவால் 'பாவு' என்று திருத்தித்தான் யாருக்கும் கொடுக்கிறேன், ஒரு பிரதிக்கு அரை மணி நேரம் ஆகிறது.

— ஒரு நெசவாளர், அருப்புக்கோட்டை