ரிவர்ட் என்ற அந்த ஒரு சொல்

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. 'மாற்றங்களைப் போட்டுவிட்டேன், ப்ளீஸ் ரிவர்ட் பை ஈவ்னிங்' என்று நீ மெயில் அனுப்ப, லண்டனில் இருப்பவர் அந்த மாற்றங்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கிவிட்டார். மறுநாள் வாடிக்கையாளர் முன்னால் பழையதுதான் திரையில் வந்து நின்றது. முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தும் இந்தச் சொல்லை உனக்கு நான் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தந்ததே இல்லை. அந்த மனக்குறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கண்ணு. நீ ஒன்றும் தப்பான இங்கிலீஷைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. நம் ஊர் ஆபீஸ்களில் ரிவர்ட் என்றால் பதில் போடு என்றுதான் அர்த்தம். சிங்கப்பூர், மலேசியாவிலும் அப்படி எழுதுகிறார்கள். சில ஆங்கில அகராதிகளே அந்தப் பொருளைச் சேர்த்து, இந்திய வழக்கு என்று பக்கத்தில் குறித்திருக்கின்றன. ஆனால் உன் மெயிலைப் படித்தவர் அந்த வழக்குக்குள் வளர்ந்தவர் இல்லையே.

அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'ரெ' என்றால் பின்னோக்கி, 'வெர்டெரே' என்றால் திருப்புவது. நம் 'திரும்பு' என்ற வினையை நினைத்துக்கொள், பாதி வேலை முடிந்தது. முன்பு இருந்த நிலைக்கே திரும்புவதுதான் ரிவர்ட். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914-இல் பெட்ரோகிராட் ஆனது, 1924-இல் லெனின்கிராட் ஆனது, 1991-இல் பழைய பெயருக்கே போய்விட்டது. அதுதான் ரிவர்ட். கவனிப்பார் இல்லாத தோட்டம் மறுபடி காடாவதும் அதுவே. சட்டத்திலும் இந்தச் சொல் உண்டு. குத்தகைக் காலம் முடிந்து நிலம் உடையவரிடமே போனால், நிலம் அவருக்கு ரிவர்ட் ஆகிறது என்பார்கள். பேச்சு எங்கோ போய், 'சரி, விட்ட இடத்துக்கு வருவோம்' என்கிறோமே, அதற்கும் இந்தச் சொல் பொருந்தும்.

பழக்கத்துக்கும் வரும். ஆறு மாதம் சிகரெட்டை விட்டவர் மறுபடி பற்றவைத்தால், ஹி ரிவர்ட்டட் டு ஸ்மோக்கிங். 'பழைய குருடி, கதவைத் திறடி' என்று உன் பாட்டி சொல்வாளே, அதே சங்கதிதான். இங்கே ஒன்றைக் கவனி. 'டு' வந்துவிட்டதே என்று 'ஸ்மோக்' என்று எழுதிவிடக் கூடாது. அந்த 'டு' நம் நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி. பழக்கத்துக்கு, பேருக்கு, நிலைக்கு. அதனால் பின்னால் பெயர்ச்சொல்லோ, ஸ்மோக்கிங் போல 'இங்' வடிவமோதான் வரவேண்டும். அப்புறம், 'ரிவர்ட் பேக்' என்று எழுதாதே. 'ரெ'யிலேயே அந்த 'பேக்' இருக்கிறது. நடு சென்டர் என்பது போல ஆகிவிடும்.

இப்போது உன் மெயிலுக்கு வருகிறேன். பொது இங்கிலீஷில் ரிவர்ட் செயப்படுபொருள் கேட்காத வினை. ஒன்று தானாகத் திரும்பும், அவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டர் உலகத்தில் மட்டும் அதற்குச் செயப்படுபொருள் வந்து சேர்ந்திருக்கிறது: ரிவர்ட் த சேஞ்ச், அந்த மாற்றத்தை எடுத்துவிடு. நீ மாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உடனே ரிவர்ட் என்று எழுதியதால், எதை என்ற கேள்விக்கு முன் வாக்கியத்திலிருந்தே அவர் பதிலை எடுத்துக்கொண்டார். பாவம், சொன்னதைச் செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார். அவர்மேல் கோபப்படாதே.

பதில் வேண்டுமென்றால் ரிப்ளை என்றே எழுது. அதிலும் 'ரிப்ளை மீ' வேண்டாம். 'எனக்குப் பதில் சொல்' என்று நாம் யோசிப்பதில் அந்த 'கு' விழுங்கப்பட்டுவிடுகிறது. ரிப்ளை டு மீ என்பதுதான் சரி. நீயே பிறகு பதில் தருவதாக இருந்தால், ஐ வில் கெட் பேக் டு யூ. என்னைக் கேட்டால், இது எதுவுமே இல்லாமல் வேண்டியதை நேராகக் கேட்பேன். 'மாற்றத்தைப் பாருங்கள், சரியா என்று ஐந்து மணிக்குள் சொல்லுங்கள்' என்பதை இங்கிலீஷில் எழுதினால் யார் படித்தாலும் வேறு அர்த்தம் வராது.

உன் மேனேஜருக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடு. நீ எந்தப் பொருளில் எழுதினாய், அவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டார், இரண்டையும் நான்கு வரியில் சொன்னால் போதும். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டவேண்டுமென்றால் காட்டு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழித்திருப்பேன். அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், சனிக்கிழமை பெங்களூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு கண்ணு.

அன்புடன்,
அப்பா