தூக்கம் வராதவரைச் சீக்கிரம் படுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூக்கம் வரவில்லை என்று வீட்டில் ஒருவர் சொன்னால், ‘ஒன்பது மணிக்கே போய்ப் படு’ என்பார்கள். நலவாழ்வுப் பக்கங்களும் பெரும்பாலும் இதையே எழுதுகின்றன. கூடவே ஒரு டம்ளர் சூடான பால். பாலால் கெடுதல் இல்லை. சீக்கிரம் படுப்பதால் உண்டு. சில நாள் வந்து போக வேண்டிய தூக்கக் குறைவு, மாதக்கணக்கில் நீளும் நோயாக மாறுவதில் அந்த ஆலோசனைக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போதிய அளவு சேர்ந்தால்தான் கண் சொருகும். மதியம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் உறங்கியவருக்கு அதில் ஒரு பங்கு அப்போதே கரைந்துவிடுகிறது. அவர் இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 6 மணி வரை கிடந்தாலும், உடல் கொடுப்பது ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான். மீதி மூன்றரை மணி நேரம் புரள்வதிலும் மணி பார்ப்பதிலும் மகளின் கல்யாணச் செலவைக் கூட்டிப் பார்ப்பதிலும் போகிறது. இது தினமும் நடந்தால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். ஹாலில் டிவி முன்னால் தூங்கி விழுகிறவருக்குக் கட்டிலில் ஏறியதும் தூக்கம் கலைவது இதனால்தான்.

ஆகவே படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மேனும் சகாக்களும் 1987இல் வெளியிட்டார்கள். இதை உள்ளடக்கிய நடத்தைச் சிகிச்சையைத்தான் மாத்திரைக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. நம் ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு. சீட்டில் மாத்திரை எழுத அரை நிமிடம் போதும்.

செய்முறை இது. இரண்டு வாரம், காலையில் எழுந்ததும், முந்தைய இரவு உத்தேசமாக எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் மணி பார்க்கக் கூடாது. சராசரி ஐந்தரை மணி நேரம் வந்தால், படுக்கைக்கும் ஐந்தரை மணி நேரம்தான். எழும் நேரம் காலை 5.30 என்றால் படுக்கும் நேரம் இரவு 12. சராசரி எவ்வளவு குறைவாக வந்தாலும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் எழும் நேரம் மாறக் கூடாது; பகல் தூக்கம் அறவே கூடாது. ஒரு வாரம் கழித்து, கிடந்த நேரத்தில் 85 சதவீதமாவது தூங்கியிருந்தால், அதாவது இந்தக் கணக்கில் 4 மணி 40 நிமிடம், அடுத்த வாரம் 11.45க்குப் படுக்கலாம். இப்படியே வாரம் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முதல் வாரம் பகலெல்லாம் கண் எரியும், எரிச்சல் வரும். முறை வேலை செய்வதன் அடையாளமே அந்த அசதி. பலர் அதைக் கண்டு பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பஸ், லாரி ஓட்டுபவர்கள், இயந்திரத்தில் நிற்பவர்கள், வலிப்பு நோயோ, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

படுத்து இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை எதையாவது புரட்டுங்கள், செல்போன் வேண்டாம். இமை கனத்த பிறகு திரும்பிப் படுக்கலாம். ஒற்றை அறை வீட்டில் பாயில் படுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம்: எழுந்தால் பாயைச் சுருட்டிவிட்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தால் போதும்.

காபியின் கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி 11 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். டீயிலும் காஃபீன் உண்டு. பிற்பகல் 2 மணியோடு இரண்டையும் நிறுத்துவது நல்லது. மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும், பின்னிரவில் கலைத்துவிடும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர்களின் சிக்கல் வேறு. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். பகல் வெயிலை வாங்கிய கான்கிரீட் கூரையோ இரவு முழுக்க அதை உமிழ்கிறது. ஃபேன் அந்த அனலையே சுற்றிவிடும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தால், தோலுக்கு ரத்தம் வந்து உள்வெப்பம் குறையும்.

இதிலெல்லாம் தீராத தூக்கக் கேடுகளும் உண்டு. பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்த இடத்தில் உறக்கம் என்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். தூக்க மாத்திரை அதை மோசமாக்கக்கூடும். படுத்ததும் கால் குடைந்து, நடந்தால் சரியாகிறது என்றால் ரத்தத்தில் இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் மில்லிக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், இரும்புச் சத்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை போன்றவற்றை இரவில் விழுங்குகிறவர்கள், காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தூக்கத்துக்காகப் பலர் விழுங்கும் அல்பிரசோலம், விற்பனைக் கட்டுப்பாடு உள்ள ‘எச்1’ அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்ற விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் பழைய அட்டையைக் காட்டினால் கொடுக்கும் கடைகள் உண்டு. மாதக்கணக்கில் அதை விழுங்கும் முதியவர்கள் இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறி விழுகிறார்கள், இடுப்பெலும்பு முறிகிறது. திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்தப் பதிவேடுகளைச் சோதிக்க வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பணியாளர்கள், குறட்டை உண்டா, தூக்க மாத்திரை எத்தனை நாளாக என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
பொதுநல மருத்துவர்கள் இருவர்,
திருச்சி.