580-இல் லாரி ஏன் இல்லை?

பே ஏரியா தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஃப்ரீமான்ட்டிலிருந்து ஓக்லாந்து போகும்போது 880 நெடுஞ்சாலையை விட்டு 580 நெடுஞ்சாலையைப் பிடிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். "அதில் லாரித் தொல்லை இல்லை" என்போம். அது தானாக அமைந்ததல்ல. நாலரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் கிராண்ட் அவென்யூ முதல் சான் லியாண்ட்ரோ எல்லை வரை 580-இல் போகக் கூடாது என்று 1960களிலிருந்தே தடை. இன்று அது கலிபோர்னியா மாநிலச் சட்டம். வசதியான குன்றடிவாரத்தை ஒட்டிச் செல்லும் சாலை அது. துறைமுகத்துக்கு வந்துபோகும் கனரக லாரிகள் 880-இல்தான் ஓட வேண்டும். அதன் ஓரத்தில் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த கறுப்பின, லத்தீன் மக்கள். டீசல் புகை முழுக்க அவர்களுக்கு. சட்டத்தில் இனத்தின் பெயர் எங்கும் இல்லை, டன் கணக்குதான் இருக்கிறது.

சிக்கலே அங்கேதான். 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்குபவர்கள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் 2001 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், வேண்டுமென்றே பாகுபாடு செய்தார்கள் என்று காட்டினால்தான் தனியாட்கள் அதன்கீழ் வழக்குப் போட முடியும். டன் கணக்கில் உள்நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது? ஏழைகள், சிறுபான்மையினர் மீது மாசுச் சுமை அளவுக்கு மீறி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அதிபர் கிளின்டன் 1994-இல் பிறப்பித்த சுற்றுச்சூழல் நீதி ஆணையும் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது.

ஆகவே திட்டம் தீட்டும்போதே பேசியாக வேண்டும். பேசினால் நடக்கும். 1989 நிலநடுக்கத்தில் இடிந்த சைப்ரஸ் ஈரடுக்குச் சாலையைப் பழைய இடத்திலேயே மறுபடி கட்டவிடாமல் தடுத்தவர்கள் மேற்கு ஓக்லாந்து மக்கள். 2010-இல் ஓக்லாந்து விமான நிலைய ரயில் இணைப்புக்கு வரவிருந்த 7 கோடி டாலர் மத்திய நிதியை பே ஏரியாவின் ரயில் நிறுவனமான பார்ட் இழந்தது, ஏழைகளும் சிறுபான்மையினரும் பாதிக்கப்படுவார்களா என்று பார்க்கும் சமத்துவ ஆய்வை முறையாகச் செய்யாததால். அதுவும் ஒரு புகாரில் தொடங்கியதுதான்.

பே ஏரியாவின் ஒன்பது கவுன்ட்டிகளுக்கும் போக்குவரத்துத் திட்டம் போடுவது எம்டிசி என்ற போக்குவரத்து ஆணையம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் எக்ஸ்பிரஸ் லேன் கட்டணத்துக்கு எரியும் கோபத்தில் கொஞ்சம் இந்த லாரித் தடையின் பக்கமும் போகட்டும். 580 தடையை நீக்குவது சட்டமன்றத்தின் வேலை, எம்டிசியால் தனியாக முடியாது. ஆனால் மறுபரிசீலனை கேட்டு அழுத்தம் தர அதனால் முடியும். நம் பயணம் கொஞ்சம் நீளலாம், நீளட்டும்.

எம்டிசியின் அடுத்த கருத்துக் கேட்பின்போது இதை எழுதுங்கள், உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் உடனிருந்தால் அவர்களும் பேசலாம். மொழிபெயர்ப்பு உதவி வேண்டுமென்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உங்களில் ஒருவன்,
ஃப்ரீமான்ட்