பேராசை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு மனைக்கு முன்பணம் கட்டி ஏமாந்த ஒரு வாசகிக்கு ஞாயிறு பதிப்பின் சட்டப் பகுதியில் உங்கள் வழக்கறிஞர் பதில் சொல்லியிருந்தார். "உள்நோக்கம் என்பது மனதுக்குள் இருப்பது. அதை நிரூபிக்க முடியாது, ஆகவே இது சிவில் விவகாரம்தான். நம் மக்களும் பேராசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்." மிக்க நன்றி. இந்த உபதேசத்தைக் கேட்டே சுங்கை சிப்புட்டில் எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து, ஆட்களின் வேலைக் கணக்கான செக்ரோல் எழுதியவன். தோட்டம் கைமாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது எங்கள் ஆட்களிடம் கொஞ்சம் நஷ்டஈடும் ஈபிஎஃப் சேமநிதிப் பணமும் இருந்தன. அந்த வாசனை பிடித்து ஒருவர் காடியில் வந்து இறங்கினார். கோயில் மண்டபத்தில் வரைபடத்தை விரித்து, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, "லாட்டுக்கு ஐயாயிரம் வெள்ளி கட்டுங்கள், ஆறு மாதத்தில் நில உரிமைப் பத்திரம், கிராண்ட், கையில்" என்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசை எண்ணிக் கொடுத்தார்கள். பிறகு நில அலுவலகத்தில் பார்த்தால், நிலம் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. அதுவும் விவசாய நிலம். வீட்டு நிலமாக மாற்றப்படவே இல்லை. லயத்தில் பிறந்தவன் சொந்தமாக ஒரு கூரைக்கு ஆசைப்பட்டால் அது பேராசையா, ஐயா?

மனதுக்குள் இருப்பதை யாரும் பிளந்து பார்க்க வேண்டாம். பணம் வாங்கிய அன்றைக்கே நிலம் தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கிராண்ட்டில் இருக்கும் பெயரே அதைச் சொல்லும். உங்களுக்குத் தெரியாததா? நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு, உண்மையை நேர்மையின்றி மறைப்பதையும் ஏமாற்றுதல் என்றே சொல்கிறது. சரக்கு தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறவரை அது உதாரணமாகவே காட்டுகிறது. வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பிறகு வாக்குத் தவறினால் சிவில். வாங்கும்போதே அந்த எண்ணம் இல்லை என்றால் குற்றம். 420ஆம் பிரிவில் அதற்கு ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் உண்டு. சரி, சிவில் என்றே வைத்துக்கொள்வோம். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்குறுதி மோசடி என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் சொல்கிறதே. சிவில் வழக்கில் மோசடியைக் குற்ற வழக்குபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை என்று கூட்டரசு நீதிமன்றமும் 2015இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கறிஞருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

மனை விற்றவரின் ஏஜெண்டு, "நான் என்ன கண்டேன், கம்பெனி சொன்னதைச் சொன்னேன்" என்று இன்றும் பாசாரில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். 1889இல் இங்கிலாந்தில் ஒரு டிராம் கம்பெனி வழக்கு வந்தது. மனதார நம்பிச் சொன்னால் மோசடி இல்லை என்று அதன் இயக்குநர்கள் தப்பினார்கள். ஆனால் உண்மையா பொய்யா என்று அக்கறையே இல்லாமல் சொல்வதும் மோசடிதான் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஏஜெண்டு மனதார நம்பியவரா என்று ஒருவராவது அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

போலீசில் ரிப்போர்ட் கொடுக்கப் போனால், முழுவதும் எழுதி முடிக்கும் முன்பே "சிவில் கேஸ், லாயரைப் பாருங்கள்" என்றார்கள். லாயரோ, "அவர் பெயரில் சொத்தே இல்லை, வழக்குப் போட்டு என்ன வரப்போகிறது" என்றார். இதற்கு முன் கூட்டு என்னும் சீட்டுப் பணத்தோடு ஓர் அம்மாள் ஓடிப்போனபோதும் இதே கதைதான். கூட்டு பிடிப்பது 1971 முதல் சட்டப்படி தடை என்பதால், பணம் போட்டவர்களே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது பற்றி நான் எழுதிய கடிதத்தை நீங்கள் நான்கு வரியாக வெட்டிப் போட்டீர்கள். வெட்டாமல் விட்டது "மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்" என்ற வரியை மட்டும். விழித்திருந்து என்ன பார்ப்பது என்று நான் எழுதியிருந்தது காணவில்லை.

இப்போது மட்டும் என்ன? பேராசை கூடாது என்று நீங்கள் புத்தி சொன்ன அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், "கடைசிச் சில மனைகள், இன்றே முந்துங்கள்" என்று வண்ண விளம்பரம். அதில் கைப்பேசி எண் இருக்கிறது, சிரிக்கும் குடும்பம் இருக்கிறது. நிலம் எந்த முக்கிமில், அதாவது மாவட்டத்தின் எந்தப் பிரிவில், என்றுகூட இல்லை.

ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும், மோசடி மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த, அல்லது தக்க முயற்சி எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய, நாளிலிருந்தே அந்தக் கணக்கு தொடங்கும் என்பதையும் அடுத்த வாரம் அந்த வாசகிக்குச் சொல்லிவிடுங்கள். அவருக்கு இன்னும் நேரம் இருக்கலாம். இன்னொன்று, மனை விளம்பரம் வாங்கும்போது லாட் நம்பரையும் முக்கிமையும் போடாவிட்டால் வாங்க மறுத்துவிடுங்கள். நம்பர் இருந்தால் நில அலுவலகத்துக்கு நாங்களே போய்ப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்