வெண்ணெய் வியாபாரியின் வெள்ளிக் காசுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோபன்ஹேகனில் நடந்த எல்.இ. புரூன் நாணய ஏலம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1496ஆம் ஆண்டுத் தங்க நாணயம் 12 லட்சம் யூரோவுக்குப் போனது முதலிய விவரங்கள் சரிதான். ஆனால், புரூனை ‘வாரிசுகளை நூறு வருஷம் காக்கவைத்த விசித்திரக் கிழவர்’ என்று எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

புரூன் வெண்ணெய் ஏற்றுமதியில் பணம் சேர்த்தவர். சிறுவனாக இருந்தபோது தொடங்கிய சேகரிப்பு, 1923இல் அவர் இறக்கும்போது ஏறத்தாழ 20,000 நாணயங்கள், பதக்கங்கள், பணத்தாள்கள் என்று வளர்ந்திருந்தது. முதல் உலகப்போரின் அழிவைப் பார்த்தவர் அவர். டென்மார்க்கின் தேசிய நாணயத் தொகுப்புக்கும் அந்தக் கதி வந்துவிட்டால் ஈடாக ஒன்று இருக்கட்டும் என்றுதான் தன் சேகரிப்பை 100 ஆண்டுகள் விற்கக் கூடாது என உயில் எழுதினார். அவர் இறந்து 17 ஆண்டுகளுக்குள் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்துவிட்டது. தேசியத் தொகுப்பு தப்பிப் பிழைத்தது. அதனால்தான் 2024இல் ஏலம் நடக்க முடிந்தது. ஏலத்துக்கு முன்பு டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் ஏழு நாணயங்களை வாங்கிக்கொண்டது. அவற்றில் ஆறு தங்கம், ஒன்றே ஒன்று வெள்ளி.

வெள்ளியை எப்போதும் இப்படித்தான் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால் ஒரு வெள்ளிக் காசைப் பற்றி நான் சொல்கிறேன்.

டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியான் மன்னர் 1644 முதல் 1648 வரை அடித்த காசு அது. சேகரிப்பாளர்கள் அதை ‘ஹெப்ரேயர்’ என்பார்கள். காரணம், அதன் ஒரு பக்கத்தில் கடவுளின் பெயர் நான்கு எபிரேய எழுத்துகளில் இருக்கிறது. கூடவே இரண்டு லத்தீன் சொற்கள். சேர்த்துப் படித்தால் ‘யெகோவா நீதியுள்ள நீதிபதி’. 1643 டிசம்பரில் போர் அறிவிப்பே இல்லாமல் சுவீடன் படை டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்துக்குள் புகுந்தது. மன்னர் தன் முறையீட்டைக் காசிலேயே பொறித்துவிட்டார்! 1644 ஜூலையில் கடற்போரில் அவருக்கு ஒரு கண் போனது. 1645 சமாதானத்தில் காட்லாந்துத் தீவு உட்படப் பல பகுதிகள் கைவிட்டுப் போயின. போர்ச்செலவைச் சமாளிக்க அடித்த காசு என்பதால், அக்காலத்தில் ‘டாலர்’ எனப்பட்ட பெரிய வெள்ளி நாணயத்தைவிட அதில் வெள்ளியின் தரமும் குறைவு. புழக்கத்தில் இருந்த காசு கைமாறித் தேய்ந்துபோகும். எழுத்து நான்கும் மழுங்காமல் ஒன்று கிடைத்தால் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

எனக்கு இதில் அக்கறை வந்த கதையும் உண்டு. பொறையாரில் நான் ஆசிரியராக இருந்தபோது, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பிள்ளைகள் தரங்கம்பாடிக் கரையில் பொறுக்கிய ஈயக் காசுகளைக் கொண்டுவருவார்கள். சிலவற்றில் கிரீடமும், ‘சி’ எழுத்துக்குள் 4 என்ற எண்ணும் இருக்கும். அதே நான்காம் கிறிஸ்தியானின் முத்திரை. டேனியர்கள் அவற்றுக்கு வைத்த பெயரே நம் ‘காசு’தான், அவர்கள் வாயில் அது ‘காஸ்’ ஆயிற்று. 1643க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடத் தரங்கம்பாடியில் இருந்த டேனியர் கோட்டைக்கு வரவில்லை. அங்கே மன்னர் வெள்ளியில் கடவுளிடம் முறையிட்டுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இங்கே அவருடைய ஆட்கள் தாய்நாட்டிலிருந்து உதவியே இல்லாமல் காலம் தள்ளினார்கள்.

ஒரு பையன் அப்படிக் கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினான். முத்திரை பாதி போயிருந்தது. அவன் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல மனம் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. பழைய காசைப் புளியாலோ சாம்பலாலோ தேய்க்கக் கூடாது, கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அதோடு வைக்க வேண்டும். இதை மட்டுமாவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

புரூன் சேகரிப்பு முழுதும் விற்று முடிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அடுத்த ஏலம் பற்றி எழுதும்போது விலையோடு நின்றுவிடாமல், ஒரு வெள்ளிக் காசின் இரு பக்கப் படத்தையும் பெரிதாக அச்சிடுங்கள். எடை, ஆண்டு, பொறிப்பின் பொருள் மூன்றும் படத்தின் கீழே இருந்தால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை